வீட்டுக் கணக்குக்கு எது சரி: எக்ஸெல்லா, ஹோம்பேங்கா, க்னூகேஷா?

வீட்டு வரவு செலவைக் கணினியில் எழுத உட்காரும் பெரும்பாலோர் முதலில் திறப்பது எக்ஸெல்தான், இல்லாவிட்டால் காசில்லாமல் கிடைக்கும் லிப்ரெஆபீஸ் கால்க். அதில் தப்பே இல்லை. சம்பளம் ஒரு வங்கிக் கணக்கில் விழுகிறது, வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் அதிலிருந்தே போகிறது, கடன் கிடன் ஒன்றும் இல்லை என்றால் தேதி, விவரம், வகை, தொகை என்று நாலு பத்தியும் மாதக் கடைசியில் வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் ஒரு பிவட் டேபிளும் போதும். அப்படிப்பட்ட பாக்கியவான்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

மற்ற வீடுகளில் பணம் அவ்வளவு நேராகப் போய்வருவதில்லை. வங்கியில் நகைக்கடன் ஒன்று இருக்கும், சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், மச்சானுக்குக் கொடுத்த கைமாத்து திரும்பி வராமல் நிற்கும், மாதம் 5,000 எஸ்ஐபிக்கு (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் தவணை) போகும், கிரெடிட் கார்டில் வாங்கிய வாஷிங் மெஷினுக்கு இஎம்ஐ ஓடும். இதில் எது செலவு, எது சேமிப்பு, எது கடன் அடைப்பு? நாலு பத்தி எக்ஸெல்லுக்கு எல்லாமே கையைவிட்டுப் போன பணம். கார்டில் வாங்கிய சாமானைச் செலவில் எழுதி, அடுத்த மாதம் கார்டு பில் கட்டியதையும் செலவில் எழுதினால் ஒரே பணம் இரண்டு தடவை செலவாகிவிடும், ஷீட் அதைப் பற்றி வாயே திறக்காது. அதனால் மென்பொருள்களின் வசதிப் பட்டியலை நீட்டி முழக்குவதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஹோம்பேங்க். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1995-ல் அமிகா கணினிக்காக எழுத ஆரம்பித்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது, இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பழைய மடிக்கணினியில்கூடச் சட்டென்று திறக்கும். வங்கிக் கணக்கு, கார்டு, கையிருப்பு என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பணத்தை 'இடமாற்றம்' என்று பதியலாம், ஆக மேலே சொன்ன கார்டு பில் குழப்பம் இங்கே வராது. விவரத்தில் இன்ன சொல் வந்தால் இன்ன வகையில் போடு என்று விதி எழுதி வைக்கலாம், பால் கடைக்கும் மெடிக்கலுக்கும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். வகைக்கு இவ்வளவு என்று பட்ஜெட் போடலாம். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பெட்ரோல் பதிவின் குறிப்பில் ஓடோமீட்டர் எண்ணையும் போட்ட லிட்டரையும் அது கேட்கிற முறையில் எழுதி வந்தால் வண்டியின் மைலேஜைத் தனி அறிக்கையாகவே கொடுத்துவிடும். ஆனால் மியூச்சுவல் ஃபண்ட், பங்கு பக்கம் அது வருவதே இல்லை. யூனிட், என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய விலை) என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

க்னூகேஷ் வேறு ரகம். 1998-ல் முதல் பதிப்பு வந்தது, இதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பார்க்கவும் பழைய காலத்து அலுவலகம் மாதிரிதான் இருக்கும். அடிப்படை இரட்டைப் பதிவு: எந்தப் பணமும் ஓரிடத்திலிருந்து வந்து இன்னோரிடத்துக்குப் போயாக வேண்டும். வணிகவியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம், மற்றவர்கள் முதல் சில வாரம் திணறத்தான் செய்வார்கள். எதற்கு இந்தத் தலைவலி என்று கேட்டால், சீட்டை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாதம், தவணை 5,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் ஒருவர் 25,000 தள்ளி, அதாவது 75,000 போதும் என்று ஏலம் கேட்டு, எடுக்கிறார். நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1,000 கழிவு, நீங்கள் கட்ட வேண்டியது 4,000. எக்ஸெல்லில் 'சீட்டு 4,000' என்று எழுதிவிட்டுப் போவீர்கள். க்னூகேஷில் அதையே மூன்று வரியாகப் பிரித்து எழுதலாம்: சொத்தில் இருக்கும் சீட்டுக் கணக்கில் 5,000 ஏறுகிறது, வங்கியிலிருந்து 4,000 இறங்குகிறது, 'சீட்டுக் கழிவு' என்ற வரவில் 1,000.

எட்டுத் தவணை கட்டியதும் சீட்டுக் கணக்கில் 40,000 நிற்கும். கல்யாணச் செலவு வருகிறது, 22,000 தள்ளி நீங்கள் சீட்டை எடுக்கிறீர்கள். வங்கியில் 78,000 வரவு, 'சீட்டுத் தள்ளுபடி' என்ற செலவில் 22,000, சீட்டுக் கணக்கிலிருந்து ஒரு லட்சம் கழிகிறது. இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள், மைனஸ் 60,000 காட்டும். இன்னும் 12 தவணை, தலா 5,000, கடன் 60,000, ரூபாய் பிசகாமல். நேற்றுவரை சேமிப்பாக இருந்த சீட்டு இன்றைக்குக் கடனாகிவிட்டது என்பதும், அந்தக் கடனுக்கு நீங்கள் கொடுத்த விலை 22,000, அதில் கழிவாகத் திரும்பி வந்தது இவ்வளவு என்பதும் தனித்தனியாகக் கண்முன் நிற்கும். அவசரத்துக்குச் சீட்டை எடுப்பதா, நகையை வைப்பதா என்று அடுத்த முறை யோசிக்கும்போது கையில் எண்கள் இருக்கும்.

நியாயமாகச் சொன்னால் ஹோம்பேங்கிலும் இதைச் செய்யலாம். சீட்டுக்கு ஒரு கணக்கு வைத்து, 4,000 இடமாற்றம் ஒன்று, அந்தக் கணக்கில் 1,000 வரவு இன்னொன்று என்று இரண்டு பதிவாக எழுத வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் கேட்க ஆளில்லை. க்னூகேஷில் ஒரே பதிவின் வரிகள் சமமாகாவிட்டால் மிச்சத்தை 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்ற கணக்கில் தூக்கிப் போட்டுவிடும், அது கணக்குப் பட்டியலில் துருத்திக்கொண்டு நிற்கும், சரி செய்யாமல் விட மனசு வராது.

எஸ்ஐபியிலும் இந்தக் கறார் உதவுகிறது. 2020 ஜூலையிலிருந்து மியூச்சுவல் ஃபண்ட் வாங்கினால் 0.005 சதவீதம் முத்திரைக் கட்டணம் உண்டு, 5,000 கட்டினால் 25 பைசா போக 4,999.75-க்குத்தான் யூனிட். அந்த 25 பைசாவைத் தனியாக எழுதாவிட்டால் நீங்கள் போட்ட யூனிட் எண்ணிக்கை ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டோடு இம்மி ஒட்டாது. க்னூகேஷில் அதையும் ஒரு வரியாகப் பிரித்துவிடலாம். என்ஏவியை இணையத்திலிருந்து இழுக்கும் வசதியும் உண்டு, அதற்கு விண்டோஸில் பெர்ல் என்ற நிரல்மொழியைத் தனியாக நிறுவி மல்லுக்கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை கையால் அடிப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் வங்கி ஸ்டேட்மென்ட். இந்த மென்பொருள்கள் எதுவும் நம் வங்கிக்குள் தானாகப் போய்க் கணக்கை எடுத்து வராது (க்னூகேஷில் அப்படி ஒரு வசதி இருக்கிறது, அது பெரும்பாலும் ஜெர்மன் வங்கிகளுக்குத்தான்). நாமே தரவிறக்கி, மேலே இருக்கும் முகவரி, கிளை விவர வரிகளை எல்லாம் வெட்டி, சிஎஸ்வி (காற்புள்ளியால் பத்தி பிரித்த உரைக்கோப்பு) ஆக்கிக் கொடுக்க வேண்டும். என் வங்கி ஒன்று எக்ஸெல் கோப்பு என்று தருவதைத் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் உரைக்கோப்பு! இந்த இடத்தில் க்னூகேஷ் பரவாயில்லை, எந்தப் பத்தி தேதி, எது பற்று, எது வரவு என்று திரையிலேயே காட்டி அந்த அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். விவரத்தில் வரும் சொற்களைப் பார்த்து அது தானே கற்றுக்கொள்ளும், நீளமான யுபிஐ எண்களுக்கு நடுவே கடைப் பெயர் இருந்தால் சில மாதத்தில் சரியான கணக்கை அதுவே சொல்லும். ஹோம்பேங்கோ பத்திகள் அது கேட்கும் வரிசையில் இருந்தால்தான் சிஎஸ்வியை வாங்கும், மாதாமாதம் கால்க்கில் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். எக்ஸெல்லில் இந்தப் பிரச்சினையே கிடையாது, ஒட்டினால் வேலை முடிந்தது.

கரண்ட் போனால்? க்னூகேஷ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கும், தேதியிட்ட பழைய பிரதிகளையும் அதே ஃபோல்டரில் குவித்து வைக்கும். மறுபடி திறக்கும்போது கோப்பு பூட்டியிருக்கிறது என்று பயமுறுத்தும், வேறு கணினியில் அது திறந்திருக்கவில்லை என்றால் தைரியமாகத் திறக்கலாம். ஆனால் ஹோம்பேங்க், க்னூகேஷ் இரண்டிலும் கோப்புக்குக் கடவுச்சொல் போட வழி இல்லை. அது வேண்டும் என்பவர்கள் மணி மேனேஜர் எக்ஸைப் பார்க்கலாம், குறியாக்கம் செய்த கோப்பு, பென் டிரைவிலிருந்தே ஓடும், ஆண்ட்ராய்டுக்கும் வருகிறது. கே-மை-மணி க்னூகேஷுக்கு அழகான தங்கச்சி, லினக்ஸ்காரர்களுக்குப் பிடிக்கும். உரைக்கோப்பில் கணக்கெழுதும் லெட்ஜர், ஹெச்லெட்ஜர், பீன்கவுண்ட் எல்லாம் நிரல் எழுதுபவர்களின் விளையாட்டு மைதானம்.

காசு கொடுத்து வாங்குவது? குவிக்கன் இப்போது சந்தா முறை, அதுவும் அமெரிக்க, கனடா வங்கிகளை நம்பி எழுதப்பட்டது. கடை, அலுவலகக் கணக்குக்கான டேலி தெரிந்தவர்கள் வீட்டுக்கும் டேலியே போதும் என்பார்கள், ஆனால் உரிமம் இல்லாத கல்விப் பதிப்பில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிய முடியும். அதை வைத்துக்கொண்டு பால் கணக்கு எழுத முடியாது. நிறுவனத்தை நம்பிப் போவதில் இன்னொரு சிக்கல், மைக்ரோசாஃப்ட் மணி விற்பனை 2009-ல் நின்றது, லட்சக்கணக்கானோர் வரவு செலவு பார்க்கப் பயன்படுத்திய மிண்ட் தளத்தை இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடியது. க்னூகேஷும் ஹோம்பேங்கும் எழுதுவது எக்ஸ்எம்எல் என்ற பொதுவான உரை வடிவக் கோப்பு, நாளைக்கு இரண்டுமே நின்றுபோனாலும் உள்ளே இருக்கும் எண்களை வெளியே எடுக்க வழி இருக்கிறது.

க்னூகேஷுக்கு எதிராக உருப்படியான ஒரே வாதம், வீட்டில் ஒருவருக்குத்தான் அது புரியும் என்பது. இரண்டு பேரும் பதிய வேண்டிய வீடு என்றால் சீட்டு, எஸ்ஐபி இருந்தாலும் ஹோம்பேங்கையே எடுங்கள், ஃபண்டுகளை மட்டும் ஒரு ஷீட்டில் தனியாக வைத்துக்கொள்ளலாம். இல்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றால் க்னூகேஷ்தான், ஏப்ரல் 1-ஆம் தேதி இருப்புகளை வைத்து ஆரம்பியுங்கள், பழைய வருடத்தைத் தோண்ட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் இருப்புநிலை அறிக்கையை அச்சிட்டு, பாலிசி, பத்திரம் இருக்கும் ஃபைலில் போட்டுவிட்டால் கணினியே திறக்காதவர்களுக்கும் எங்கே என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தெரிந்துவிடும்.