நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்றவனிடம் 45,000 ரூபாய் போச்சு: வடசென்னைக்காரர்கள் கவனத்துக்கு

வேலையில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கன்சல்டன்சியிடம் 45,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போலீஸில் புகார் கொடுக்கும்வரை போடாதே என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லிவிட்டார். மாடியில் ஒரு அறை, இரண்டு மேஜை, சுவரில் தராசு படம். நம் ஏரியாவில் இப்படி நிறைய இருக்கிறது. அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் தம்பிக்கு மணலி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் வேலை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. இவர்கள் ஒரு பட்டனை அமுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அப்போதுதான் பீஸ் சீக்கிரம் விழுமாம். தம்பியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஸ்டான்லியில் சேர்த்தோம். முதலாளி ஒரு நாள் வந்து ஆப்பிளும் 5,000 ரூபாயும் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் இந்த ஆள் வந்தான். யாரோ நம்பர் கொடுத்தார்கள் என்று வீட்டுக்கே வந்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். அப்புறம் தம்பியைப் பார்த்து, "ராத்திரி தூக்கம் வருதாப்பா? இல்லாத விரல்ல வலிக்கிற மாதிரி இருக்குமே?" என்று கேட்டான். அதுவரை எங்களைத் தவிர யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அம்மா அழுதுவிட்டாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங்கள் 45,000 கொடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இஎஸ்ஐ பணமும் வரும், லேபர் ஆபீஸ் பணமும் வரும், சேர்த்துப் பத்து லட்சத்துக்குக் குறையாது அக்கா" என்றான். இஎஸ்ஐ என்றால் தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. கோர்ட் டெபாசிட், மெடிக்கல் போர்டு, ஆபீஸ் செலவு என்று கணக்குச் சொன்னான். அம்மாவின் வளையலை அடகு வைத்து 30,000 கையில் கொடுத்தோம். மீதி 15,000 ஜிபேயில். அதுவும் அவன் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு பெண் பெயருக்கு. ரசீது கேட்டதற்கு, கேஸ் நம்பர் விழுந்ததும் சேர்த்துத் தருவதாகச் சொன்னான். வக்காலத்து என்று சில தாள்களை நீட்டினான். தம்பி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். தாள் நகராமல் இவன்தான் மூலையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போடுப்பா, அவசரமே இல்ல" என்றான்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். "சார் ஹியரிங்ல இருக்கார்." "ஃபைல் மேல போயிருக்கு." "ஆடி கழியட்டும் அக்கா." வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழுவது நின்றது. நேரில் போனால் வேறொரு பையன், "அவர் இங்க இப்ப இல்லீங்க, நீங்க அவர்கிட்டதானே பணம் கொடுத்தீங்க?" என்கிறான். போர்டு அதே போர்டு, மேஜை அதே மேஜை!

சரி, முதலாளியையே பார்ப்போம் என்று பட்டறைக்குப் போனோம். அவர் ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டுகிறார். 60,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்திருக்கிறது. கீழே தம்பியின் அந்தக் கோணல் கையெழுத்து. எங்களிடம் 45,000, அங்கே 60,000. இரண்டு பக்கமும் சாப்பிட்டிருக்கிறான்.

மறுநாள் மெட்ரோ ஏறி தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். இஎஸ்ஐ இருக்கிறவருக்கு அந்த வழி மட்டும்தான், அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது. தம்பி பட்டறையில் இஎஸ்ஐயே கிடையாது. "இரண்டும் வரும்" என்று எவன் சொன்னாலும் அது பொய். இஎஸ்ஐ இல்லாவிட்டால் முதலாளிதான் கொடுக்க வேண்டும், 1923-லிருந்தே இருக்கிற உரிமை. நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துறை கமிஷனரிடம் பதிவு செய்யாத "செட்டில்மெண்ட்" தாளைக் காட்டி முதலாளி தப்பிக்க முடியாதாம். அதைக் கேட்டதும்தான் தம்பிக்கு மூச்சே வந்தது.

கணக்கையும் ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டினார். தம்பி வாங்கியது 18,000. ஆனால் 2020-லிருந்து கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அடிபட்டபோது அவனுக்கு வயது 30, அந்த வயதுக்குச் சட்டத்தில் இருக்கும் பெருக்கு எண் 207.98. பெருக்கினால் 18,71,820. இது இனி வேலையே செய்ய முடியாது என்று ஆனவருக்கான தொகை. ஒரு கையில் இரண்டு விரல் போனதற்கு அட்டவணையில் 20 சதவீதம். ஆக 3,74,364 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். பத்து லட்சமாம் பத்து லட்சம். இந்தக் கணக்கைச் சொல்ல எவனுக்கும் 45,000 தேவையில்லை.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். வெற்றுத்தாளிலோ ஸ்டாம்ப் பேப்பரிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் ஆஸ்பத்திரிக் காகிதங்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிடுங்கள், "ஆடி கழியட்டும்" பேச்செல்லாம் கேட்காதீர்கள். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் 15100-க்குப் போன் போட்டு இலவச சட்ட உதவி கேளுங்கள், ஆலைத் தொழிலாளிக்கு அதில் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

மீதி அப்புறம். ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். சிஎஸ்ஆர் (புகாரை வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்காமல் திரும்பக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். 15,000-க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, கையில் கொடுத்த 30,000-க்கு அம்மாவின் அடகு ரசீது தவிர வேறு எதுவும் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.