கனசாவா நொமுரா வீடு: பெயர் சாமுராயுடையது, கூரை கப்பல் வியாபாரியுடையது

ஜப்பானில் கனசாவா பக்கம் போனால், நாகமாச்சி என்ற பழைய சாமுராய் குடியிருப்பின் மண்சுவர் சந்துகளுக்குள் இருக்கும் நொமுரா வீட்டைப் பார்க்காமல் வராதீர்கள். நுழைவு 550 யென். உள்ளே போனதும் எல்லோரும் தோட்டத்துக்குத்தான் ஓடுகிறார்கள், நீங்கள் முதலில் அங்கே வைத்திருக்கும் அந்தப் பழைய கடிதத்தைத் தேடுங்கள். நொமுரா முன்னோர் ஒருவருக்கு வந்த நன்றிக் கடிதம் அது: சண்டையில் எதிரியை வீழ்த்தித் தலையைக் கொண்டுவந்தீர்கள், ரொம்ப சந்தோஷம், இன்னும் நன்றாக உழையுங்கள் என்கிற தோரணை. ஆபீஸில் மேனேஜர் அனுப்பும் பாராட்டு மெயிலேதான், தலை மட்டும் கூடுதல்.

1583-ல் மாயேதா தொஷியே என்ற பிரபு கனசாவா கோட்டைக்குள் நுழைந்தபோது அவரிடம் சேவகத்தில் இருந்தவர் நொமுரா தென்பே. அதற்கப்புறம் சாமுராய் ஆட்சி முடிந்து மேஜி காலம் வரும்வரை தலைமுறை தலைமுறையாக அதே எஜமான் குடும்பம்தான். சம்பளம் அரிசிக் கணக்கில், 1,200 கோகு வரை போயிருக்கிறது. ஒரு கோகு ஏறக்குறைய 150 கிலோ, ஒரு ஆளின் ஒரு வருஷச் சாப்பாடு. 10,000 கோகு இருந்தாலே டைம்யோ (குறுநில மன்னர்) என்ற காலத்தில் மாயேதாக்களிடம் இருந்தது 10 லட்சத்துக்கும் மேல், அப்படிப்பட்ட இடத்தில் 1,200 என்றால் சும்மா இல்லை.

எல்லாம் சில வருஷங்களில் போயிற்று. 1871-ல் டைம்யோ ஆட்சிப் பகுதிகள் ஒழிந்தன, 1876-ல் வாள் கட்டத் தடை, அதே வருஷம் அரிசிச் சம்பளத்துக்குப் பதில் கடன்பத்திரம். நொமுரா வீடும் கைவிட்டுப் போய், மனை துண்டுதுண்டானது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் பக்கத்து தாய்ஷோஜி பகுதியின் பணக்காரக் கப்பல் வியாபாரி ஒருவருடைய மாளிகையின் ஒரு பாகம், பின்னாளில் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தது. சமூக அடுக்கில் வியாபாரிக்குக் கடைசிப் படி, ஆனால் டைம்யோவை வரவேற்க ஹினோக்கி மரத்தில் அறைக்குள் கட்டம்கட்டமாக உட்கூரை போட்டவர் அவர்தான்! எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை, சொல்லப்போனால் இந்த வீட்டின் சுவாரசியமே இதுதான்.

தோட்டம் சின்னது, ஆனால் தண்ணீர் திண்ணையின் காலடி வரை வருகிறது, கோய் மீன்கள் கை எட்டும் தூரத்தில். 400 வயது யமமோமோ மரம் ஒன்றும் உண்டு.

அப்புறம், கொஞ்சம் நடந்தால் அஷிகாரு அருங்காட்சியகம், இலவசம். கடைநிலைக் காலாட்களின் வீடுகள் அவை, மாயேதாக்களின் காகா ஆட்சிப் பகுதியில் அவர்களுக்கும் தனி வீடும் துளி தோட்டமும் கிடைத்திருக்கிறது. நான் அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.