வேட்பாளரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? 2024-இல் ஜனநாயகக் கட்சி முன் இருந்த வழிகள்

2024 ஜூன் 27 இரவு, அட்லாண்டா. டிரம்புடனான அதிபர் தேர்தல் விவாதம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தேசியக் கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்த அதிபர் ஜோ பைடன் வரி, சுகாதாரம், கோவிட் என்று தாவிக்கொண்டே போய், சொல் கிடைக்காமல் தலைகுனிந்து நின்றார். சில நொடி மௌனம். பிறகு, "கடைசியில் நாம் மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம்" என்று முடித்தார். மெடிகேர் என்பது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு; 1965-இல் அவருடைய கட்சியே கொண்டுவந்து, இன்றுவரை கட்டிக்காத்துவரும் திட்டம். அப்போது அவருக்கு வயது 81.

அன்றிலிருந்து ஜூலை 21 வரை, 24 நாட்கள், அந்தக் கட்சி ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அல்லாடியது. பைடனையே வைத்துக்கொள்வதா? மாநாட்டில் திறந்த போட்டி வைப்பதா? துணை அதிபர் கமலா ஹாரிஸிடம் நேராகக் கொடுத்துவிடுவதா? ஹாரிஸின் தாய் வழி வேர் தமிழ்நாட்டில் இருப்பதால் நம்மில் பலருக்கு அவர்மேல் ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "கட்சி வேட்பாளரை மாற்றியது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கட்சியிடம் அந்த அதிகாரம் இல்லை என்றே சொல்லலாம். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் பிரைமரி தேர்தல்களில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கி, மாநாட்டில் வாக்களிக்கும் சுமார் 3,900 பிரதிநிதிகளைப் பைடன் கையில் வைத்திருந்தார். தங்களை அனுப்பிய வாக்காளர்களின் எண்ணத்தைப் பிரதிநிதிகள் மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்று கட்சி விதி சொல்கிறது. அந்த "மனசாட்சி" என்ற சொல்லில் ஒரு சின்ன இடுக்கு உண்டு, சரி. ஆனால் அந்தப் பிரதிநிதிகள் அவருடைய பிரச்சாரக் குழு பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர்கள். அவர்கள் கூண்டோடு எதிராகத் திரும்புவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். அவராக விலகினால்தான் உண்டு.

பைடனை வைத்துக்கொள்ள வேண்டும் என்றவர்கள் கையில் நல்ல வாதங்கள் இருந்தன. மக்கள் போட்ட வாக்கைச் சில எம்.பி.க்களும் நன்கொடையாளர்களும் சேர்ந்து ரத்து செய்யலாமா? டிரம்பை ஏற்கெனவே தோற்கடித்த ஒரே ஆள் இவர்தானே? அப்புறம், 2016-இன் உதாரணம். அந்த ஆண்டு அக்டோபர் 7-இல் டிரம்ப் பெண்களைப் பற்றிப் பேசிய பழைய ஒலிப்பதிவு வெளியானபோது, அவர் விலகித் தன் துணை அதிபர் வேட்பாளர் மைக் பென்ஸுக்கு வழிவிட வேண்டும் என்று குடியரசுக் கட்சியிலேயே பலர் வெளிப்படையாகக் கேட்டார்கள். அவர் அசையவில்லை. ஒரு மாதத்தில் ஜெயித்தார்.

இந்த உதாரணம் பைடனுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. டிரம்ப்மேல் வந்தது நடத்தை பற்றிய புகார். அதை மறுக்கலாம், திசை திருப்பலாம், அடுத்த வாரம் வேறு செய்தி வந்து மூடிவிடும். முதுமை அப்படி இல்லை. ஒவ்வொரு மேடையும் அதை மறுபடி காட்டும். காட்டியது. ஜூலை 11-இல் நேட்டோ கூட்டத்தில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை "அதிபர் புதின்" என்று அறிமுகம் செய்துவிட்டு உடனே திருத்திக்கொண்டார். அன்று மாலையே செய்தியாளர் பேட்டியில் ஹாரிஸைச் சொல்ல வேண்டிய இடத்தில் "துணை அதிபர் டிரம்ப்" என்றார். அதே பேட்டியில் வெளியுறவுக் கேள்விகளுக்கு விவரமாகப் பதில் சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை. அது அவருக்கு நியாயமில்லைதான். ஆனாலும் நவம்பர் வரை இதே நிலைதான் நீடித்திருக்கும். மூன்று வழிகளில் இதுவே மிக மோசமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

திறந்த மாநாடு கேட்க இனிமையாக இருந்தது. மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மர், பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷபிரோ, கலிபோர்னியாவின் கேவின் நியூசம் என்று பெயர்கள் அடிபட்டன. மேடையில் போட்டியிடட்டும், பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கட்டும், நாடே பார்க்கட்டும். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

நடைமுறைதான் இடித்தது. மாநாடு ஆகஸ்ட் 19-இல். வேட்பாளர் பெயரைத் தெரிவிக்க ஒஹையோ மாநிலத்தின் காலக்கெடு ஆகஸ்ட் 7 என்று இருந்ததால், வாக்கெடுப்பை முன்கூட்டியே இணையவழியில் முடிக்கக் கட்சி ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. பணம் அடுத்த சிக்கல். பைடன்-ஹாரிஸ் கணக்கில் ஜூன் இறுதியில் சுமார் 9.6 கோடி டாலர் கையிருப்பு. அந்தக் கணக்கில் ஹாரிஸ் பெயரும் இருந்ததால் அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேறு யார் வந்தாலும் முடியாது. இதற்கெல்லாம் மேல் 1968-இன் நினைவு. அதிபர் லிண்டன் ஜான்சன் போட்டியிலிருந்து விலகி, களத்தில் இருந்த ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டு, ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி மாநாட்டில் வேட்பாளரானார். வெளியே சிகாகோ தெருக்களில் போலீஸ் தடியடி. நவம்பரில் நிக்சனிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 2024 மாநாடும் அதே சிகாகோவில்!

மீதி இருந்தது ஹாரிஸ். ஜூலை 21, ஞாயிறு மதியம் பைடனின் விலகல் கடிதம் எக்ஸ் தளத்தில் வந்தது. 27 நிமிடம் கழித்து ஹாரிஸை ஆதரித்து இன்னொரு பதிவு. அந்த இடைவெளியோடு திறந்த போட்டிப் பேச்சும் முடிந்தது. ஒரே நாளில் 8.1 கோடி டாலர் திரண்டது. போட்டிக்கு வந்திருக்கக்கூடியவர்களே வரிசையாக ஆதரவு தெரிவித்தார்கள். ஜூலை மாதத்தில் நின்று பார்த்தால் இதுதான் சரியான முடிவு. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பணத்தோடும் அமைப்போடும் சேர்த்து விலைவாசிக் கோபமும் ஹாரிஸ் கைக்கு வந்தது. அக்டோபர் 8-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கடந்த நான்கு ஆண்டுகளில் பைடனிலிருந்து மாறுபட்டு எதைச் செய்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். பிரைமரியில் நின்றிருந்தால் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்திருக்கும். பத்துத் தடவை தடுமாறி, பதினோராவது தடவை நல்ல பதில் சொல்லக் கற்றிருப்பார். அவருக்குக் கிடைத்ததோ 107 நாட்கள். முடிவு: மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் எலக்டோரல் வாக்குகளில் டிரம்ப் 312, ஹாரிஸ் 226. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 2.3 லட்சம் வாக்குகள்.

எனக்குக் கோபம் வருவது ஜூலை மாத முடிவின் மேல் இல்லை, அதற்கு முந்தைய ஆண்டின் மேல். தேர்தல் ஆண்டின் மார்ச் மாதமே ஒதுங்கிய அதிபர்கள் ட்ரூமனும் (1952) ஜான்சனும் (1968) கட்சிக்கு வெற்றி தேடித் தரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வேறு ஆட்களை எடைபோட வாக்காளர்களுக்குக் கொஞ்சமாவது அவகாசம் கிடைத்தது. 2023 ஏப்ரல் 25-இல் பைடன் மறுபடி நிற்கிறேன் என்று அறிவித்தபோது அவருடைய வயது யாருக்கும் தெரியாத ரகசியமா? 2022-இல் அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வந்த நாடாளுமன்றத் தேர்தலில் பயந்த அளவுக்கு அடி விழவில்லை என்ற நிம்மதியில் பெரிய தலைவர்கள் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. நின்ற மினசோட்டா எம்.பி. டீன் பிலிப்ஸை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்சி ஒரு விவாதம்கூட நடத்தவில்லை.

புளோரிடாவில் இன்னும் மோசம். கட்சியின் மாநிலக் கிளை அனுப்பிய வேட்பாளர் பட்டியலில் பைடன் பெயர் மட்டுமே இருந்தது. ஒரே பெயர் என்றால் பிரைமரி தேவையில்லை என்பது அந்த மாநிலச் சட்டம். 2024 மார்ச் 19 அன்று அங்கே குடியரசுக் கட்சிக்காரர்கள் வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்திருந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அதிபர் வேட்பாளர் வாக்குச்சீட்டே அச்சாகவில்லை.