பவானி ஜமுக்காளம்: சாயம் போகுமா, வெளுக்குமா, மங்குமா?

பவானியில் எந்தக் கடையில் ஜமுக்காளத்தை விரித்தாலும் முதலில் வரும் உறுதி "சாயம் போகாதுங்க" என்பதுதான். அது தண்ணீருக்கு மட்டுமான பதில். வெயிலில் வெளுக்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சாயம் போவது என்றால் நிறம் தண்ணீரில் இறங்கிப் பக்கத்து வெள்ளைக் கோட்டில் ஒட்டுவது. நூலில் பிடிக்காத சாயத்தைச் சரியாக அலசாமல் தறிக்கு அனுப்பியதால் வரும் கோளாறு இது. ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையைப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணி லேசாகச் சிவந்தால் பரவாயில்லை. முதல் இரண்டு மூன்று அலசலில் நின்றுவிடும். திட்டாக ஏறினால் வாங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் அந்தச் சாயம் பிடிக்காது.

வெளுப்பது வெயிலின் வேலை. 'வெள்' என்ற வேரிலிருந்துதான் வெளுப்பும் வெளிறும் வந்தன. பழந்தமிழில் வயிரம் பாயாத மரம் வெளிறு; 503ஆம் குறளில் அறியாமையே வெளிறு. உள்ளே உறுதி இல்லாததைச் சொல்லும் சொல், வெயிலைத் தாங்காத சாயத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

பழைய ஜமுக்காளம் நிறம் குறைந்து கிடந்தால் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, நகத்தால் விலக்கிப் பாருங்கள். மேலே வெளிறி, பாவு என்னும் நெடுக்கு நூலை ஒட்டிய மறைவில் பழைய சிவப்பு பளிச்சென்று இருந்தால் வெயில் தின்றது. இனி நிழலில் காயப்போட வேண்டும். உள்ளேயும் அதே வெளிறல் என்றால் தண்ணீரில் போனது.

மங்கல் வேறு. நம் பக்கத்து ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூல்மேல் சாம்பலாகப் படியும். சாயம் அடியில் அப்படியேதான் இருக்கும். ஒரு வாளி தண்ணீருக்கு அரை டம்ளர் வினிகர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் தெளியும். அடுத்த முறை சோப்புக்குப் பதில் சலவைத்தூள் போடுங்கள்.

தினசரி விரிக்க முழுப் பருத்தியே நல்லது, தாராளமாக வாங்கலாம். செயற்கைப் பட்டில் (ரேயான்) கரை போட்டது கல்யாண வீட்டு அழகு; ஆனால் அந்த இழை ஈரத்தில் பலம் குறையும், அதனால் முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு நீரை வடியவிடுங்கள்.