எச்சரிக்கை: மரத்துப்போன காலுக்கு விற்கப்படும் அதிர்வெண் கருவி, போனது 38,500 ரூபாய்

அதிர்வெண் சிகிச்சைக் கருவி என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்காக விற்கப்படும் ஒரு மின் பெட்டிக்கு 38,500 ரூபாய் கொடுத்தோம். இன்று அம்மாவின் இடது உள்ளங்காலில் தீக்காயம்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறோம். புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கல்யாண மண்டபத்தை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசப் பாதப் பரிசோதனை என்று வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டு, வருபவர்களிடம் கருவியை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் வகையைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத நிலை. முகாமில் இருந்த இளைஞர், அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தானே தரையில் மண்டியிட்டு, வெந்நீரில் நனைத்த துண்டால் இரண்டு கால்களையும் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டார். "கூச்சப்படாதீங்கம்மா, நானும் உங்க பிள்ளை மாதிரிதான்" என்றார். பிறகு ஜெல் தடவிய நான்கு பேடுகளைக் கெண்டைக்காலில் ஒட்டி, குமிழை மெல்லத் திருப்பினார். "குறுகுறுங்குதுப்பா, காலுக்கு உசுரு வந்த மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் விலை கேட்காமல் எழுந்திருக்க மாட்டான். பாதி பணத்தை ஜிபேயிலும் மீதியை ரொக்கமாகவும் வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் 38,500 ரூபாய்.

நரம்பு பாதிப்பு கால் விரல்களில் தொடங்கித்தான் மேலே ஏறும் என்பதையும், அதனால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் கெண்டைக்காலில் உணர்ச்சி மிச்சமிருக்கும் என்பதையும் காயத்துக்குக் கட்டுப் போட்ட மருத்துவர்தான் பிறகு விளக்கினார். முகாமில் உணர்ச்சி உள்ள இடத்தில் ஒட்டிக் காட்டிவிட்டு, வீட்டில் உள்ளங்காலில் ஒட்டச் சொன்னார்கள். அதோடு, "குறுகுறுப்பு தெரியும் வரை கூட்டிக்கொண்டே போங்கள்" என்ற அறிவுரை வேறு. உணர்ச்சியே இல்லாத பாதத்தில் குறுகுறுப்பு எப்படித் தெரியும்? அளவு கூடிவிட்டதென்று உடல் எச்சரிப்பது வலியால்தான். அந்த வலியை இழந்தவர்களை மட்டும் தேடிப் பிடித்து மண்டபத்தில் கூட்டி இந்தக் கருவியை விற்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அடங்காதது இந்த ஒரு காரணத்தால்தான்.

பேடுகளைத் தண்ணீரில் கழுவினால் ஆயுள் முழுக்க உழைக்கும் என்றார்கள். சில வாரங்களிலேயே ஓரங்கள் சுருண்டு, தூசியும் மயிரும் ஒட்டி, நடுவில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, ஈரத்துணி சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். ஜெல் காய்ந்த பேடு முழுப் பரப்பிலும் தோலோடு சேராது. பேடு முழுவதும் பரவிச் செல்ல வேண்டிய மின்னோட்டம், தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன இடத்தில் குவிந்து சுட்டுவிடும். மின்னோட்டம் ஒரே திசையில் பாயும் கருவியாக இருந்தால், சூடே இல்லாமல் பேடின் அடியில் காரம் உண்டாகித் தோலை அரித்துவிடவும் கூடும். இதையும் அந்த மருத்துவர்தான் சொன்னார். அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. பேடை எடுத்தபோது ஐந்து ரூபாய் நாணய அளவில் தோல் வெளுத்துப்போயிருந்தது. மறுநாள் அது கொப்புளமாகி உடைந்தது.

முதலில் அழைத்தபோது, "விஷம் வெளியேறுது சார், நல்ல அறிகுறி, நிறுத்திடாதீங்க" என்றார்கள். காயத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. பிறகு பேசிய பெண்மணி, "பேடைச் சரியா ஒட்டியிருக்க மாட்டீங்க" என்றார். அதற்கடுத்து, பேடு தேய்மானப் பொருள் என்பதால் வாரண்டியில் வராது, புது செட் 1,800 ரூபாய் என்று எனக்கே விற்கப் பார்த்தார்கள். முகாமில் கால் துடைத்துவிட்ட இளைஞரின் எண் இப்போது ஒரு மணியோடு துண்டிக்கப்படுகிறது. 38,500 ரூபாய்க்குக் கொடுத்த ரசீதில் "நலவாழ்வு உபகரணம்" என்று மட்டுமே இருக்கிறது. சிகிச்சை என்ற சொல்லே இல்லை.

மேடையில் அப்படியா பேசினார்கள்? 1930களில் அமெரிக்காவில் ராயல் ரைஃப் என்பவர் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அதிர்வெண் கண்டுபிடித்தார் என்றும், இந்தப் பெட்டி சர்க்கரையையே வேரோடு தீர்க்கும் என்றும் மைக்கில் சொன்னார்கள். ரைஃப் சொன்னதற்கு மருத்துவ ஆதாரம் இன்றுவரை இல்லை. பிசியோதெரபிஸ்டுகள் வலிக்குப் பயன்படுத்தும் டென்ஸ் கருவி வேறு; அதுவும் வலியைச் சற்றுக் குறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது, உணர்ச்சி இல்லாத தோலில் அதை வைக்கவும் மாட்டார்கள். நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. வாய்மொழி அறிவிப்பும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன்; மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாதம் மரத்துப்போனவர்களுக்கு எந்த மின் பேடையும் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டிகளின் பக்கமே போக வேண்டாம். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் அப்படியே. கழுத்தின் முன்பக்கம், நெஞ்சுக்குக் குறுக்கே, புண் உள்ள தோல் ஆகிய இடங்களில் பேடு கூடவே கூடாது. ஒட்டும் தன்மை போன பேடைத் தூக்கி எறியுங்கள். பெட்டியின் மேல் மருத்துவக் கருவிக்கான உரிம எண் இல்லையென்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் ரசீது, காயத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நான் 38,500 ரூபாயோடு மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். இதே போன்ற மண்டப முகாமில் வாங்கிக் காயம்பட்டவர்கள் யாராவது இருந்தால் ரசீதுடன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.