தெரியாக்கி சிக்கன்: வற்றவிடுவதா, சோளமாவு கரைப்பதா?

ஜப்பானிய மொழியில் 'தெரி' என்றால் பளபளப்பு. 'யாக்கி' என்றால் சுட்டது, வாட்டியது. ஆக, பெயரே மினுமினுப்பைச் சொல்கிறது. அந்த மினுமினுப்பை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் சண்டை.

ஜப்பானிய வீடுகளில் செய்வது வற்றவிடும் முறை. எலும்பு நீக்கிய, தோலோடு கூடிய தொடைத் துண்டுகள் இரண்டு. சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சாக்கே (ஜப்பானிய அரிசி மது) மூன்றும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்று. இஞ்சி பூண்டு விழுது கிடையாது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் விடாத தவாவில் தோல் கீழே படும்படி வைத்து, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். தோல் தன் கொழுப்பிலேயே பொரிந்து சிவக்கும். திருப்பிப் போட்டு உள்ளே வேகவிடுங்கள். அப்புறம் தவாவில் தேங்கிய கொழுப்பை டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கொழுப்பு மிதந்தால் சாஸ் கறியில் ஒட்டாமல் வழுக்கும்.

இப்போது சாஸை ஊற்றுங்கள். முதலில் பொடி நுரையாகக் கொதிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடிக்க ஆரம்பிக்கும். அதிரசத்துக்குப் பாகு பார்த்த கைக்கு இது புரியும். கரண்டியால் அள்ளி அள்ளிக் கறிமேல் ஊற்றி உடனே இறக்கிவிட வேண்டும். ஒருமுறை போனை எடுக்கப் போய்த் திரும்பினேன். கசந்த கருப்புப் பிசின்தான் மிச்சம்.

சோளமாவு (கார்ன்ஃப்ளார்) முறையில் அந்தப் பயமில்லை. சாஸைத் தனியாகக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் கெட்டியாகிவிடும், அளவும் நிறைய வரும். இஞ்சி, பூண்டு, இனிப்பு தூக்கலான அமெரிக்கப் பாணிக்கு இது பொருந்தும். சியாட்டில் நகரில் தெரியாக்கி தெருவுக்குத் தெரு விற்கிற உணவு. 1976இல் தோஷி கசஹாரா என்பவர் அங்கே திறந்த சின்னக் கடையிலிருந்துதான் அந்த மோகம் பரவியது. சோறு நனைய நனைய வேண்டுமென்றால் நானும் மாவு கரைப்பேன். ஆனால் அந்தக் கெட்டி சாஸ் கறியைப் போர்த்தி மூடும். வற்றிய சாஸ் கறியோடு ஒட்டிப் பிடிக்கும்.

பாட்டில் சாஸா? அவசரத்துக்குச் சரி. ஏற்கெனவே கெட்டியாக இருப்பதை மறுபடி வற்றவிட்டால் உப்பு நாக்கைப் பிடுங்கும், அவ்வளவுதான்.

மிரின் விலை கையைக் கடிக்கும். அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. 'மிரின் பாணி' என்று விற்பதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மது வேண்டாதவர்கள் மிரின், சாக்கே இரண்டையும் விட்டுவிட்டு, சர்க்கரையைக் கூட்டித் தண்ணீர் சேர்த்தாலும் மினுங்கும். மணம் கொஞ்சம் மட்டுப்படும். கெட்டியான கருப்புச் சீன சோயா மட்டும் வேண்டாம்.

தொடையா, நெஞ்சுக்கறியா என்று கேட்டால் யோசிக்காமல் தொடை. சாஸ் வற்றும் நேரத்துக்குள் நெஞ்சுக்கறி நார்நாராகிவிடும். தோலுரித்த கறிதான் கிடைக்கிறது என்றால், துண்டுகளில் சோளமாவை மெல்லிசாகத் தூவிச் சுடுங்கள். சாஸ் பிடிக்க அது போதும்.

ஜப்பானில் இது மதிய டப்பாவுக்கும் போகும். அங்கே வற்றவிட்டதுதான் ஜெயிக்கிறது. ஆறிய பிறகும் கறிமேல் பிசுபிசுப்பாக மினுங்கும். மாவு கரைத்த என் டப்பாவில், மதியம் திறந்தபோது, சாஸ் ஜெல்லியாக உறைந்து ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது.