ஒரே ஒரு போட்டோவ பாத்து ரோஜாவுக்கு பேர் சொல்றவங்கள நம்பிடாதீங்க

எங்க அம்மா வச்ச ரோஜா ஒண்ணு இருக்கு, மஞ்சப் பூ, ஓரத்துல மட்டும் ரோஸ் கலர் ஏறியிருக்கும். அம்மா போனதுக்கப்புறம் நான்தான் பாத்துக்கறேன், டேக் எப்பவோ தொலைஞ்சு போச்சு, எங்க வாங்குனாங்கன்னும் தெரியாது. பேர் தெரியாத செடிக்கு வெரைட்டி கண்டுபிடிச்சு தரேன்னு ஒருத்தர் விளம்பரம் போட்டிருந்தாரு, காசு கட்டி பூவ மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன், ரெண்டே நிமிஷத்துல "இது பீஸ் ரோஜாங்க, சந்தேகமே வேண்டாம்"னு பதில்.

கேட்டதும் அழுகையே வந்துருச்சு. பீஸ் ரோஜாவ உருவாக்குனவர் பிரான்ஸ்ல பிரான்சிஸ் மெய்யான், 1945ல போர் முடியற நேரத்துல அமெரிக்காவுல அதுக்கு பீஸ்னு பேர் வச்சாங்க, ஆனா அவரு வச்சது அவரோட அம்மா பேரு, மேடம் ஏ. மெய்யான். எங்க அம்மா செடிக்கு இப்படி ஒரு பேரான்னு நெகிழ்ந்து போயி, பதியன் போட்டு அஞ்சு பேருக்கு பீஸ்னு டேக் எழுதி குடுத்தேன். உறுதிப்படுத்திக்கணும், செடியில இருந்து வெட்டின நாலு குச்சியும் தொட்டியோட ஒரு போட்டோவும் வேணும்னு அந்த விளம்பரக்காரரு கேட்டப்போ அதையும் அனுப்பினேன்.

அப்புறம் நிஜ பீஸ் வளக்கற ஒரு அக்காவ போய் பாத்தேன். அவங்க பூவ பாக்கவே இல்ல, நேரா இலையத்தான் தொட்டுப் பாத்தாங்க. பீஸ் இலை பெருசா, கரும்பச்சையா, எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு இருக்கும், எங்களுது வெளிறிப்போயி மங்கலா இருக்கும். ஒரு பூவ உதிர்த்து எண்ணினோம், பீஸ்ல 40க்கு கிட்ட இதழ் வரணும், எங்களுதுல 24 தான். வாசனையும் ஒத்து வரல, பீஸ்ல லேசாதான் இருக்கும், எங்க செடி பூத்தா வாசல் வரைக்கும் மணக்கும். கலர வச்சு மட்டும் எதுவும் சொல்லவே முடியாதாம், வெயில் ஏறினா மஞ்ச வெளுத்து க்ரீம் ஆயிடும், போதாக்குறைக்கு பீஸ்ல இருந்து பொறந்த வகைகளே ஏகப்பட்டது இருக்கு. அதனால உண்மையா கண்டுபிடிக்கறவங்க மொட்டு, முள்ளு, இலைக்காம்பு, பூவுக்கு அடியில இருக்கற பச்சை இதழ், காய் எல்லாத்தையும் கேப்பாங்க, அப்பவும் "இதுவா இருக்கலாம்"னுதான் சொல்லுவாங்க. ஒட்டுச்செடியா இருந்தா பூக்கற கிளை ஒட்டுக்கு மேல இருந்து வருதா கீழ இருந்து வருதான்னும் பாக்கணும், கீழ இருந்து வந்தா அது வேர்ச்செடியோட பூ, அதாவது வேருக்காக அடியில வச்ச வேற செடியோட பூ, நீங்க வாங்குன ரகமே இல்ல.

இதோட முடிஞ்சிருந்தா காசு போச்சுன்னு விட்டிருப்பேன். போன வாரம் அதே ஆளு விக்கற செடி லிஸ்ட்ல "ஒரிஜினல் பீஸ்"னு ஒரு படம். விரிசல் விட்ட தொட்டி, அதைச் சுத்தி அம்மா கையால கட்டின செம்புக் கம்பி. என் போட்டோ! அந்த குச்சிலதான் வளத்து விக்கறாருன்னு நினைக்கறேன். கேட்டு மெசேஜ் போட்டேன், பிளாக் பண்ணிட்டாரு.

நான் டேக் எழுதி குடுத்த அஞ்சு பேருக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன். கம்பி கட்டின தொட்டி படத்த பாத்து நீங்க யாராச்சும் வாங்கியிருந்தா, அது பீஸ் இல்லீங்க, பேர் தெரியாத ரோஜா. செடி நல்ல செடி, தூக்கிப் போட்டுடாதீங்க, டேக்க மட்டும் கழட்டிடுங்க.